கோடை வந்தால் காலியாகும் ஊர்கள்

வின்னிபெக்,
மார்ச் 2026

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததை அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. “கனடாவில் காடு எரிவது புதிதா? இப்போது மட்டும் ஏன் இத்தனை பேரை ஊரைவிட்டு எழுப்புகிறார்கள்?” என்று கேட்டிருந்தாய். சென்ற கோடை முழுவதும் என் மனதில் ஓடியதும் அதே கேள்விதான்.

காடு எரிவது புதிதில்லை. 1916இல் ஒன்ராறியோவின் மாத்தீசன் பகுதியில் மூண்ட தீயில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்று முன்கூட்டிச் சொல்லவும் ஆளில்லை, ஓடித் தப்பவும் வழி குறைவு. நூறு ஆண்டுகள் கழித்து, 2016இல், ஃபோர்ட் மக்மரி எரிந்தபோது ஒரே நெடுஞ்சாலையை நம்பி ஏறக்குறைய 88,000 பேர் வெளியேறினார்கள். சுமார் 2,400 கட்டடங்கள் சாம்பலாயின. ஆனால் தீக்கு ஓர் உயிரும் பலியாகவில்லை. வெளியேறும் வழியில் நடந்த வாகன விபத்தில் இருவர் இறந்தார்கள். வெளியேறும் கட்டளையை வீண் பதற்றம் என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் எண்ணிக்கை போகும் போக்கு அச்சமூட்டுகிறது. 1980 முதல் 2007 வரை, 28 ஆண்டுகளில், காட்டுத்தீயால் கனடா முழுவதும் வெளியேறியவர்கள் சுமார் 2 இலட்சத்து 9 ஆயிரம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2023 என்ற ஒரே ஆண்டில் அது 2 இலட்சத்து 30 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்த ஆகஸ்டில் வடமேற்கு நிலப்பகுதிகளின் தலைநகரான யெலோநைஃப் முழுவதுமே காலியானது; 20,000 பேர் வீடு திரும்ப மூன்று வாரம் ஆனது.

வெப்பம் கூடித் தீக்காலம் நீண்டிருக்கிறது. காட்டோரம் வீடுகளும் பெருகிவிட்டன. பூர்வகுடி மக்கள் வசந்தத்தில் புல்லையும் புதரையும் அளவாக எரித்துக் காட்டைப் பேணிய வழக்கத்தை அரசு தடை செய்தது. மூண்ட தீயையெல்லாம் உடனுக்குடன் அணைத்ததில் காய்ந்த விறகு காட்டுக்குள் சேர்ந்துகொண்டே போனது. அதிகாரிகள் இப்போது முன்னரே கட்டளை இடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள். ஆக, இந்த ஏற்றத்தில் ஒரு பங்கு நல்ல செய்தியும்கூட.

என்னை உறுத்துவது வேறு. மொத்தத் தொகைக்குள் அதே ஊர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவற்றில் பல, கோடையில் விமானத்தில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய வடக்குப் பூர்வகுடிக் கிராமங்கள். தீ நெருங்கும் முன்பே புகைக்காகவே முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது. 2025இல் எங்கள் மனிற்றோபா மாகாணம் இரண்டு முறை அவசரநிலை அறிவித்தது. இங்கே ஹோட்டல் அறைகள் போதாமல் ஒரு பகுதியினரை நயாகரா வரை அனுப்பினார்கள். தங்குமிடம் ஒன்றில் உணவு பரிமாறப் போயிருந்தேன். கட்டிலோரம் மருந்துப் பையை மடியில் வைத்தபடி ஒரு மூதாட்டி இருந்தார். தீயைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் மின்சாரம் இருக்கிறதா என்பதே அவர் கவலை. உறைபெட்டி நிறைய மூஸ் என்ற பெரிய மானின் இறைச்சி, குளிர்காலம் முழுவதற்குமான உணவு. வீடு தப்பினாலும் அது அழுகிவிடும். இந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்தில் வரும், சொல்!

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் நாம். திரும்பிப் போகும்வரை வீடு இருக்குமா என்ற நினைப்பு எப்படி அரிக்கும் என்று உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. இந்த மக்களில் பலருக்கு அது சில கோடைகளுக்கு ஒருமுறை வருகிறது.

பூர்வகுடிச் சமூகங்களின் பேரிடர் நிர்வாகம் குறித்து 2022இல் கணக்காய்வாளர் நாயகம் வெளியிட்ட அறிக்கையைப் படித்தேன். தடுப்புக்குச் செலவிட்டதைப்போல மூன்றரை மடங்கைப் பேரிடர் வந்தபின் மீட்புக்கும் சீரமைப்புக்கும் அரசு செலவிட்டிருக்கிறது. ஊரைச் சுற்றிக் காட்டை வெட்டித் தீத்தடுப்பு வெளி அமைப்பதும், புகை புகாத ஒரு பொதுமண்டபம் கட்டுவதும், உள்ளூர் இளைஞர்களைச் சம்பளத்துக்குத் தீயணைப்பில் அமர்த்துவதும் நடக்காத காரியங்களா? விமானம் அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் எனக்குக் கோபத்தையே தருகிறது.

வசந்தம் வந்ததும் மீண்டும் தீக்காலம் தொடங்கிவிடும். தங்குமிடத் தொண்டர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கிரீ என்ற பூர்வகுடி மொழியில் நலம் விசாரிக்கும் அளவுக்காவது பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் உடல்நிலை பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே, அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்