கேள்வியை மாற்றிப் பார்ப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர்கள் காப்பியடிப்பதைப் பிடிக்க இன்னும் நல்ல மென்பொருள் வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. நாம் என்ன கேள்வி கொடுத்தோம் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். 'பணவீக்கத்தின் காரணங்களும் விளைவுகளும்' என்று ஆண்டுதோறும் ஒரே தலைப்பைக் கொடுத்தால், எடுத்து ஒட்டுவதற்கு விடை இணையத்தில் தயாராகக் கிடக்கிறது.

அதே பாடத்துக்கு இப்போது வேறு வேலை கொடுக்கிறேன். அவரவர் வீட்டு மாதச் செலவைப் பட்டியலிட்டு, சென்ற ஆண்டு விலையோடு ஒப்பிட்டு, தங்கள் வீட்டுக்கென்று ஒரு விலைக் குறியீட்டெண், அதாவது விலைவாசி மொத்தத்தில் எவ்வளவு மாறியது என்று காட்டும் எண், கணக்கிட வேண்டும். அரசு வெளியிடும் எண்ணிலிருந்து அது ஏன் விலகுகிறது என்று எழுத வேண்டும். முதலில் பட்டியல், அப்புறம் வரைவு, பிறகு முழுக் கட்டுரை. மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். காப்பி பெரும்பாலும் கடைசி நாள் இரவு அவசரத்தில் நடப்பது. படிப்படியாக வாங்கும்போது அந்த அவசரம் வெகுவாகக் குறைகிறது.

கடைசியாக ஐந்து நிமிடம் நேரில் கேள்வி. "உன் எண் ஏன் இவ்வளவு குறைவு?" என்று ஒரு மாணவியைக் கேட்டேன். "எங்களுக்குச் சொந்த வீடு சார். வாடகை ஏறினாலும் என் பட்டியலில் அது வராதே" என்றாள். எந்தப் பக்கத்திலிருந்தும் இதை அவள் எடுத்திருக்க முடியாது. வேறொருவர் எழுதித் தந்ததைக் கொண்டுவருபவர் இந்த இடத்தில்தான் திணறுவார்.

மென்பொருளை மட்டும் நம்புவது ஆபத்து. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, எந்திரம் எழுதியதைக் கண்டறிய 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவியைத் துல்லியம் போதாது என்று ஜூலையில் விலக்கிக்கொண்டது. அந்நிறுவனத்தின் சொந்தச் சோதனையிலேயே, எந்திரம் எழுதியதில் 26 விழுக்காட்டைத்தான் அந்தக் கருவி அடையாளம் கண்டது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை எந்திரத்தின் கணக்கில் சேர்த்தது. தானே உழைத்து எழுதிய பிள்ளையைத் திருடன் என்று சொல்லிவிட்டால் அந்தக் காயம் ஆறுமா?

நேரம் எங்கே என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். 60 பேருக்கு ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 5 மணி நேரம். வரைவைப் படித்துக் குறிப்பெழுதுவது தனி. இதையெல்லாம் ஆசிரியரின் சொந்த நேரத்தில் தள்ளாமல், கல்லூரி நிர்வாகங்கள் வரும் பருவத்திலிருந்தே கால அட்டவணையில் பாடவேளையாகச் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பொருளியல் ஆசிரியர்