இரவில் இரண்டு செவிலியர் வேண்டும்: சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுகாதாரத் துறை உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரை நம்பி நெல்லும் வாழையும் போடுகிற விவசாயி. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணிக்கு இரண்டு செவிலியர் வேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை மனுநாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். போன வாரம் பதில் வந்தது. ‘அனுமதிக்கப்பட்ட மூன்று செவிலியர் பணியிடங்களும் நிரப்பப்பட்டுள்ளன’ என்று ஒரே வரி. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்த நிலையத்துச் செவிலியருக்குத்தான் விளக்கம் கேட்டு மெமோ வரும். என் தம்பியைப் பிழைக்க வைத்தவருக்கு அந்தக் கெடுதலை நான் செய்ய மாட்டேன்.

பிசானம் என்கிற மழைக்கால நெல் போகத்துக்கு நடவு நடந்துகொண்டிருந்த நேரம். இரவு பதினொன்றரை மணிக்கு வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போன தம்பியை வரப்பில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவன் பிடித்துக்கொள்ள, பத்து நிமிடத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். உள்ளே விளக்கு எரிந்தது. பிரசவ அறையிலிருந்து ஒரு பெண் கத்துகிற சத்தம் கேட்டது. வராந்தாவில் அந்தப் பெண்ணின் அம்மா, பீடி இலை வெட்டித் தேய்ந்த விரல்களால் முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிலையம் முழுவதற்கும் இருந்தது ஒரே ஒரு சிஸ்டர்.

நாங்கள் போட்ட சத்தத்தில் வெளியே வந்தார். கால் வீக்கத்தைப் பார்த்தார், கையுறையைக் கழற்றினார், கை கழுவினார், தம்பியின் கையில் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு மேசையில் நிறுத்தினார். விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தால் ரத்தம் உறையாது. இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் கைக்கடிகாரத்தைக் காட்டி, “அண்ணாச்சி, இதை யாரும் தொடாம பாத்துக்கிடுங்க. இருவது நிமிசம் ஆனதும் கதவத் தட்டுங்க. உள்ள தலை தெரியுது, நான் போகணும்” என்று சொல்லிவிட்டுப் பிரசவ அறைக்குள் போனார்.

ஐயா, அம்மா, நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். என் தம்பியின் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு பரிசோதனைக்கு அந்த இரவில் நான்தான் காவல். இருபது நிமிடமும் அந்தக் குழாயை விட்டு என் கண் நகரவில்லை. தம்பி “அண்ணே, வாயெல்லாம் ரத்த வாடை அடிக்கி” என்றான். கதவைத் தட்டுவதா வேண்டாமா? தட்டினால் உள்ளே இருக்கிற பெண்ணை விட்டுவிட்டு சிஸ்டர் வரவேண்டும். தட்டாவிட்டால் இவன். எந்தக் குடும்பத்துக்காரனும் எடுக்கக் கூடாத முடிவு அது.

இருபது நிமிடம் கழித்து ரத்தம் தண்ணீராகவே கிடந்தது. விஷமுறிவு மருந்து நிலையத்தில் இருந்தது. அதற்காக உங்களுக்கு உண்மையிலேயே நன்றி சொல்கிறேன். ஆனால் அது பொடியாக இருக்கிறது. குப்பி குப்பியாக நீர் ஏற்றி, குலுக்காமல் உள்ளங்கையில் பைய உருட்டிக் கரைக்க வேண்டும். பத்துக் குப்பி. மூன்று குப்பி கரைத்திருப்பார், உள்ளே அந்தப் பெண் கத்தினாள். ஓடினார். குழந்தை அழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மிச்சக் குப்பிகளைக் கரைத்தார். டாக்டர் போனில் சொல்லிக்கொண்டே கிளம்பி வந்துகொண்டிருந்தார். மருந்து ஏற ஆரம்பித்ததும் சிஸ்டர் என்னிடம், “உடம்பு சொறியுதா, மூச்சு முட்டுதானு கேட்டுக்கிட்டே இருங்க. ஏதாச்சும்னா உடனே கூப்பிடுங்க. உள்ள அந்தப் பிள்ளைக்கு நஞ்சுக்கொடி விழுந்துச்சானு பாத்துட்டு வந்துருதேன்” என்றார். விஷமுறிவு மருந்தே சிலருக்கு ஒவ்வாமல் உயிரை எடுத்துவிடுமாம். பக்கத்திலேயே ஒரு செவிலியர் நின்று பார்க்க வேண்டிய நேரம் அது. அந்த இடத்தில் நான் நின்றேன். “சொறியுதாடே, சொறியுதாடே” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

108 வந்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய், சிறுநீரகம் பாதித்து, டயாலிசிஸ் செய்து, தம்பி பிழைத்தான். அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம். இரண்டும் நல்லபடியாக முடிந்ததால் இது உங்கள் பதிவேட்டில் ஒரு பிரச்சினையாகவே இருக்காது. ஒரு பிரசவம், ஒரு பாம்புக்கடி, மேல் சிகிச்சைக்கு அனுப்பியாயிற்று. அவ்வளவுதான் இருக்கும்.

மறுநாள் மதியம் அந்த சிஸ்டருக்கு நன்றி சொல்லப் போனேன். முந்தைய நாள் இரவு 8 மணிக்கு வந்தவர், மதியம் ஒரு மணிக்கும் அங்கேயே இருந்தார். சாப்பாட்டு டப்பா திறக்காமல் மேசையில் இருந்தது. ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று கேட்டேன். மூன்று பேரில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருக்கிறாராம், அவருக்குப் பதில் ஆள் போடவில்லையாம். இன்னொருவருக்கு வாரத்தில் மூன்று நாள் வேறு நிலையத்தில் மாற்றுப்பணி. அன்றைக்கு அந்த மூன்றில் ஒரு நாள். ‘பணியிடங்கள் நிரப்பப்பட்டுள்ளன’ என்று எனக்கு எழுதினீர்களே, அந்த மூன்று இடங்கள் இவைதான். பணியிடம் நிரம்பியிருக்கிறது என்பது ஒரு கணக்கு. ராத்திரி பதினொன்றரைக்கு அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது இன்னொரு கணக்கு. நான் கேட்டது இரண்டாவது கணக்கை.

சரி, மூன்று பேரும் விடுப்பே எடுக்காமல் வருகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 24 மணி நேரமும் திறந்திருக்கிற நிலையத்துக்கு வாரத்தில் 168 மணி நேரம். மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 56 மணி நேரம், அதுவும் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் இருந்தால். இரவு 8 முதல் காலை 8 வரை இரண்டு பேர் வேண்டும் என்றால் கூடுதலாக 84 மணி நேரம் வேண்டும், மொத்தம் 252. ஐந்து பேர் இருந்தால் ஆளுக்கு ஏறக்குறைய 50 மணி நேரத்தில் முடிந்துவிடும். பிரசவம் பார்க்கிற ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஐந்து செவிலியர், இரவில் எப்போதும் இரண்டு பேர். என் கோரிக்கை இவ்வளவுதான்.

மூன்று செவிலியர் முறையை நான் குறை சொல்லவில்லை. என்னை என் அம்மா வீட்டில்தான் பெற்றாள், மருத்துவச்சி கையில். எனக்கு முன் பிறந்த அக்கா தங்கவில்லை. இன்றைக்கு எங்கள் ஊரில் வீட்டில் பிரசவம் என்ற பேச்சே கிடையாது என்றால் அதற்கு இந்த 24 மணி நேர நிலையங்களும் அவற்றில் கண்விழித்த பெண்களும்தான் காரணம். ஆனால் அப்போது அவர்களிடம் கேட்டது பெரும்பாலும் பிரசவம். அதன்பிறகு சர்க்கரை, ரத்த அழுத்தம், வீடு தேடிப் போகிற திட்டங்கள், ஆன்லைன் பதிவு என்று எத்தனை வேலை சேர்ந்துவிட்டது. 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தீர்கள். நல்ல முடிவு, வரவேற்கிறேன். அந்தப் பதிவை எழுதுவதும் அதே ஒரு சிஸ்டர்தான்.

அப்புறம் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய போட்டித் தேர்வில் தேறி வந்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தர ஊழியருக்கான காலமுறை ஊதியம் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னையில் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. மாதாமாதம் மொத்தமாகக் கொடுக்கிற அந்தத் தொகுப்பூதியம் 18,000 ஆவதற்கே பல ஆண்டு பிடித்தது. கொரோனா காலத்தில் எடுத்த ஒப்பந்தச் செவிலியர்களை 2022 டிசம்பர் கடைசி நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நிரந்தர அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாத மகப்பேறு விடுப்பு உண்டு. ஊராருக்கெல்லாம் பிரசவம் பார்க்கிற ஒப்பந்தச் செவிலியரோ, தன் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு கேட்டு உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. எங்கள் பாளையங்கோட்டையைச் சுற்றி எத்தனை நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன! அங்கே படிக்கிற பிள்ளைகள் பெங்களூருக்கும் சவூதிக்கும் போகிறார்கள். என் பெரியப்பா பேத்தி ரியாத்தில் இருக்கிறாள். “ஊர்ல ஒரு வேல கெடைச்சா நாளைக்கே வந்துருவேன் சித்தப்பா” என்று போன மாதமும் சொன்னாள். ஆள் இல்லை என்று யாரும் சொல்லாதீர்கள். இடம்தான் இல்லை.

2024 ஆகஸ்டில் கொல்கத்தா மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த மருத்துவருக்கு நடந்ததை நாடே பார்த்தது. எங்கள் நிலையம் ஊருக்கு வெளியே வயலை ஒட்டி இருக்கிறது. குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டு வருகிறவனுக்கும் கதவைத் திறப்பது அந்த ஒரு பெண்தான். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரவில் இரண்டு பேர் என்று நான் கேட்பதில் இதுவும் சேர்த்தி.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் இந்த வேலையை மனதோடு செய்கிறவர்கள் என்று எனக்குத் தெரியும். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி கரை உடைத்து வந்தபோது, முழங்கால் தண்ணீரில் நடந்து எங்கள் பக்கம் மருந்துப் பெட்டி கொண்டுவந்தவர்களும் சுகாதாரத் துறை ஊழியர்கள்தான். அதை நாங்கள் மறக்கவில்லை. அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

ஐந்து பணியிடங்களுக்கு அரசாணை வேண்டும், நிதித் துறை ஒப்புதல் வேண்டும், காலம் ஆகும் என்பது எனக்குப் புரிகிறது. அதுவரைக்கும் உங்கள் கையில் இருக்கிற இரண்டையாவது உடனே செய்யுங்கள். ஒரே செவிலியர் மிஞ்சுகிற நாளில் அந்த நிலையத்திலிருந்து யாரையும் மாற்றுப்பணிக்கு எடுக்காதீர்கள். மகப்பேறு விடுப்பில் போகிறவருக்குப் போகும் நாளிலேயே பதில் ஆள் போடுங்கள்.

முடிந்தால் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது வாருங்கள். சிஸ்டரிடம் எந்தப் பதிவேட்டையும் கேட்க வேண்டாம். வராந்தாவில் காத்திருக்கிறவர்களோடு விடியும்வரை உட்கார்ந்து பாருங்கள்.

ஐப்பசி பிறந்தால் மழை வரும், பிசானத்துக்கு நாற்றங்கால் போட இறங்கிவிடுவோம். பொந்தில் தண்ணீர் ஏறினால் விரியனும் வரப்புக்கு வந்துவிடும். தம்பியும் இந்த வருடம் வயலில் இறங்கப் போகிறான். அதற்கு முன்னால் இரவில் இரண்டு செவிலியர் இருக்கும்படி செய்து கொடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கன்னடியன் கால்வாய்ப் பாசனத்து விவசாயி ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.