சரக்குப் பட்டியல் எக்செலில் சிதைந்தது குறித்துப் புகார்

அனுப்புநர்: மளிகைக் கடை உரிமையாளர், கோபிசெட்டிபாளையம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: உங்கள் பில்லிங் மென்பொருளும் எக்செலும் ஒத்துப்போகாததால் பார்கோடுகள் அழிந்தது

ஐயா / அம்மா,

தை மாதம் உங்கள் பில்லிங் மென்பொருளுக்கு ஒரு வருடச் சந்தாவை முழுதாகக் கட்டினேன். அதுவரை நோட்டில் கணக்கு எழுதியவள் நான். கம்ப்யூட்டர் எனக்குப் புதிது. "எக்செலோடு சுலபமாக இணையும், விலையை மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம்" என்று உங்கள் ஆள் கடையில் உட்கார்ந்து சொன்னதை நம்பித்தான் வாங்கினேன்.

போன வாரம் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இறக்கி எக்செலில் திறந்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. 'ம' இருக்க வேண்டிய இடத்தில், தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' ஒன்று, அதன்பின் வட்டத்துக்குள் 'ஆர்' இரண்டு. மல்லி, மிளகு, மஞ்சள் எல்லாமே இப்படித்தான் தொடங்கின. நோட்டைப் பக்கத்தில் வைத்து, பொருள் எண்ணை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு 400-க்கு மேற்பட்ட விலைகளை மாற்றினேன். முடிக்க இரவு ஒரு மணி ஆயிற்று.

சேமித்துத் திரும்ப ஏற்றினேன். "வெற்றிகரமாகப் பதிவேறியது" என்றது உங்கள் மென்பொருள். காலையில் பிஸ்கட் பாக்கெட்டை ஸ்கேனரில் காட்டினால் "பொருள் இல்லை". பெயர்கள் எப்படியோ பிழைத்திருந்தன, பார்கோடுகள் போய்விட்டன. 890-இல் தொடங்கும் 13 இலக்க எண்ணை, நடுவில் ஆங்கில 'ஈ' எழுத்தும் கூட்டல் குறியும் போட்டு எக்செல் சுருக்கிக் காட்டியதைக் கட்டத்தில் இடம் போதவில்லை என்றுதான் நினைத்தேன். சேமித்தபோது முதல் ஆறு இலக்கம் மட்டுமே மிஞ்சி, ஒரே கம்பெனியின் பிஸ்கட்டுகளுக்கெல்லாம் ஒரே எண் ஆகிவிட்டது. சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொரு பொருளாகத் தேடி பில் போட்டேன். பழைய வாடிக்கையாளர்கள் பையை வைத்துவிட்டுப் போனதைப் பார்த்து மனசு நொந்துபோனது.

உதவி எண்ணில் நான்கு முறை பேசினேன். "அது எக்செல் பிரச்சினை, எங்களுடையது இல்லை" என்றே சொன்னார்கள். எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் வந்து பத்து நிமிடத்தில் விளக்கினாள். கோப்பு யுடிஎஃப்-8 முறையில் (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் முறை) இருக்கிறது. அதன் தலையில் மூன்று பைட் அடையாளம் இருந்திருந்தால் எக்செல் தமிழைத் தானே புரிந்துகொண்டிருக்கும். நேராகத் திறக்காமல் 'டேட்டா' பகுதி வழியாக, யுடிஎஃப்-8-ஐக் குறிக்கும் 65001 என்ற தேர்வோடு, பார்கோடு பத்தியை 'டெக்ஸ்ட்' என வைத்து எக்செலுக்குள் எடுக்க வேண்டுமாம். இந்த நான்கு வரியை உங்கள் கையேட்டில் தமிழில் போட்டிருக்கக் கூடாதா?

வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்எஸ்என் எண்ணும் கெட்டது. மிளகின் 0904, முன்னால் உள்ள சுழியை எக்செல் தள்ளிவிட்டதால் 904 ஆகிவிட்டது. ஆடிட்டர் ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ஜிஎஸ்டி படிவம்) தாக்கல் செய்ய வேண்டும்.

எக்செல் எண்ணைச் சுருக்கியது என்றே வைத்துக்கொள்வோம். நடுவில் 'ஈ' எழுத்தும் கூட்டல் குறியும் உள்ள பார்கோடை உங்கள் மென்பொருள் ஏன் ஏற்றுக்கொண்டது? பார்கோடின் கடைசி இலக்கமே முதல் 12 இலக்கங்களைச் சரிபார்க்கத்தான் இருக்கிறது. சரிபார்த்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

பதிவேற்றத்துக்கு முந்தைய நாளின் காப்புப் பிரதி உங்கள் சர்வரில் இருக்கும். அதிலிருந்து என் பார்கோடுகளையும் எச்எஸ்என் எண்களையும் 11-ஆம் தேதிக்கு முன் மீட்டுத் தாருங்கள். முடியாது என்றால் மீதி மாதங்களின் சந்தாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பதிலை எழுத்தில், தமிழில் எதிர்பார்க்கிறேன். சிதைந்த கோப்பையும் கம்ப்யூட்டர் திரையின் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்