செயலாளரின் ஆண்டறிக்கை 2025: பழைய கேமராக்களும் இந்த ஊர் ஈரமும்

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கேமரா சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் சமூக மன்ற அறையில் நடந்தன. சந்தா, வாடகை, உபகரணச் செலவு எல்லாம் பொருளாளரின் கணக்கறிக்கையில் உள்ளன. பழுதுபார்க்கும் மேசைக்கு வந்தவற்றையும், வாங்குமுன் பார்த்துச் சொல்லும்படி உறுப்பினர்கள் கொண்டுவந்தவற்றையும் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். மேசைக்கு வந்த கோளாறுகளில் தேய்மானத்தால் வந்தவை குறைவு. ஈரமும் பேட்டரியும்தான் பெரும்பாலும் காரணம்.

சிங்கப்பூரில் விடியலுக்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். பிற்பகலில்தான் 60 வாக்கில் இறங்கும். அலமாரிக்குள் பூட்டிய லென்ஸில் பூஞ்சை பிடிக்க இது தாராளம். லென்ஸ் வாங்கும்போது அபர்ச்சரை (ஒளி புகும் துளையை) முழுதாகத் திறந்து, பின்பக்கம் கைவிளக்கைச் சாய்த்து அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. சீரான மங்கலாகப் படர்ந்திருந்தால் ஹேஸ், அதாவது மசகு ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது. விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டுக் கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன. ஹேஸைப் பெரும்பாலும் துடைத்தெடுக்கலாம். பூஞ்சையைத் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால் அதுவும் போகும். கண்ணாடியின் மேற்பூச்சான கோட்டிங்கை அரித்த பிறகு தடம் நிலைத்துவிடும். கண்ணாடி பிரிந்த லென்ஸுக்குச் செலவழிக்காதீர்கள், அந்தக் காசில் இன்னொன்று வாங்கலாம். நாலைந்து தூசித் துகள் படத்தில் தெரியாது. விலை பேச மட்டும் உதவும்.

ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரியான டிரை கேபினட்டை 45 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். 30க்குக் கீழே இறக்குவதால் பலன் ஒன்றும் இல்லை. தோல் உறையைக் கேமராவோடு உள்ளே வைக்க வேண்டாம், பூஞ்சை முதலில் அதில்தான் வளர்கிறது. கேபினட் வாங்க மனமில்லாதவர்களுக்குக் காற்றுப்புகா பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஓர் ஈரமானி போதும். நீல ஜெல் இளஞ்சிவப்பானதும் சுமார் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்தால் மறுபடி பயன்படும். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, நச்சுப்பொருள். உணவு சமைக்கும் அடுப்புக்குள் வைக்காதீர்கள்; ஆரஞ்சு நிற ஜெல் வாங்குவது நல்லது. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே போகும்போது கேமராவை ஜிப் பையில் மூடிக் கொண்டுபோய், வெளி வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் கண்ணாடியில் நீர் கோக்காது. குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் ஃபிலிமுக்கும் இதே விதி. டப்பாவைத் திறக்குமுன் ஒன்றிரண்டு மணி நேரம் வெளியே வையுங்கள்.

அடுத்தது பேட்டரி. ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்ற பழைய ஃபிலிம் கேமராக்கள் பிஎக்ஸ்625 பாதரச பேட்டரியின் 1.35 வோல்ட்டுக்கு அமைந்தவை. அது இப்போது விற்பனையில் இல்லை. அதன் இடத்தில் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் ஒளிமானி கூடுதல் வெளிச்சம் காட்டும், படம் இருளும். நெகட்டிவ் ஃபிலிம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஸ்லைடு ஃபிலிம் பொறுக்காது. காதொலிக் கருவிக்கான 675 சிங்க்-ஏர் பேட்டரி இந்த மின்னழுத்தத்துக்கு நெருங்கி வரும். ஆனால் ஒட்டுத்தாளை உரித்த நாளிலிருந்தே தீரத் தொடங்கிவிடும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் இருப்பது மின்னழுத்தம் மாறினாலும் அளவு மாறாத பிரிட்ஜ் சர்க்யூட் என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 இரண்டுக்கும் எல்ஆர்44 ஆல்கலைன் பொத்தான் பேட்டரி பொருந்தும், ஆனாலும் சில்வர் ஆக்சைடு எஸ்ஆர்44 போடுங்கள். கடைசிவரை மின்னழுத்தம் இறங்காது. கேனான் ஏஇ-1 6 வோல்ட் பேட்டரி இல்லாமல் ஷட்டரே அடிக்காது. "செத்த கேமரா" என்று மலிவாக வந்த ஏஇ-1களைப் புது பேட்டரி போட்டுப் பார்த்த பிறகுதான் எடைபோட வேண்டும். பேட்டரி அறையில் பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் அது காரம். பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யுங்கள். கம்பிக்குள்ளும் அரிப்பு ஏறியிருந்தால் மேல்துடைப்பால் பலனில்லை.

ஏஇ-1 அடிக்கும்போது கீச்சென்று கேட்பது மிரர் பக்கத்துப் பல்சக்கரத்தில் எண்ணெய் காய்ந்ததால். ஊசி முனையில் ஒரு துளி கடிகார எண்ணெய், சரியான இடத்தில் வைத்தால் போதும். டபிள்யூடி-40 என்ற துரு நீக்கும் தெளிப்பெண்ணெய் அடித்த கேமரா இந்த ஆண்டும் வந்தது. அது ஷட்டர் திரைவரை ஊறியிருந்தது. மினோல்டா எக்ஸ்-700இல் விளக்கு எரிந்து ஷட்டர் மட்டும் அடிக்காவிட்டால், அடித்தட்டுக்குள் இருக்கும் 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் என்ற மின்தேக்கியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஃபிளாஷ் உள்ள காம்பேக்ட் (சிறிய கைக்கேமரா) எதையும் மேசைக்கு வெளியே திறக்க வேண்டாம். அதன் கெபாசிட்டரில் 300 வோல்ட் வரை நிற்கும், பேட்டரியை எடுத்தாலும் உடனே இறங்காது.

பின்கதவு வழியே ஒளி கசியாமல் தடுக்கும் லைட் சீல் மாற்றும் பயிற்சிக்குத்தான் அதிகம் பேர் வந்தார்கள். பழைய ஃபோம் தாராகி ஒட்டும். மரக்குச்சியால் சுரண்டி, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுக்க வேண்டும். உலோகக் கருவி வேண்டாம், துகள் ஷட்டர் பக்கம் விழவும் கூடாது. பெரும்பாலான எஸ்எல்ஆர்களில் (லென்ஸ் வழியாகவே காட்சி பார்க்கும் கேமராக்களில்) கீல் பக்கத்துக்கு 2 மி.மீ. ஃபோம், பின்கதவுப் பள்ளங்களுக்கு 1.5 மி.மீ. அல்லது கருப்புக் கம்பளி நூல். தடிமன் கூடினால் கதவு மூடாது, பூட்டு உடையும். மிரர் மோதும் இடத்திலுள்ள பம்பர் ஃபோமை மாற்றும்போது ஃபோகஸ் ஸ்கிரீன்மீது ஒரு துளி ஆல்கஹாலும் படக்கூடாது. பிளாஸ்டிக் ஸ்கிரீனில் கறை பிடித்தால் போகாது.

ஷட்டர் வேகத்தைக் கைப்பேசியின் ஸ்லோ மோஷனிலேயே சோதிக்கலாம். விநாடிக்கு 240 ஃபிரேமில் பதிவு செய்தால் 1 விநாடி 240 ஃபிரேம், 1/30 விநாடி 8 ஃபிரேம், 1/60 விநாடி 4 ஃபிரேம் வரவேண்டும். 1/125க்கு மேல் இந்த முறை பிடிக்காது. 1/1000இல் எடுத்த படத்தில் ஒரு ஓரம் இருண்டிருந்தால் ஷட்டரின் இரண்டு திரைகளில் ஒன்று மற்றதைவிட மெதுவாக ஓடுகிறது, சி.எல்.ஏ. (கழற்றிச் சுத்தம் செய்து, எண்ணெயிட்டு, அளவு சரிசெய்தல்) செய்யாமல் சரியாகாது.

டிஜிட்டல் காம்பேக்டுகளுக்கு வருவோம். இளையர்கள் "சிசிடி நிறம்" என்று (சிசிடி என்பது பழைய டிஜிட்டல் கேமராக்களின் சென்சார் வகை) தேடப்போய் விலை ஏறிவிட்டது. அந்த நிறத்தில் பாதி, அந்தக் காலத்து ஜேபெக் செயலாக்கமும் நேரடி ஃபிளாஷும் கொடுப்பதுதான் என்பது என் கருத்து, மறுப்பவர்கள் கூட்டத்தில் பேசலாம். 2002 முதல் 2004 வரை வந்த மாடல்களில் கவனம் தேவை. சோனி தயாரித்த சில சிசிடி சென்சார்களில் வெப்பமும் ஈரமும் பட்டு உள்கம்பி இணைப்புகள் விடுகின்றன என்று 2005 அக்டோபரில் பல நிறுவனங்கள் அறிவித்து, இலவசமாகப் பழுது பார்த்தன. அந்தச் சலுகை எப்போதோ முடிந்துவிட்டது. நம் ஊரோ வெப்பமும் ஈரமும்தான். கேமராவைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சூடான பிறகு எடுத்துப் பாருங்கள். ஊதா நிறமோ, அலையடிக்கும் கோடுகளோ வந்து, கார்டில் உள்ள பழைய படங்கள் மட்டும் ஒழுங்காகத் தெரிந்தால் கோளாறு சென்சாரில், திரையில் இல்லை.

"கார்டு எரர்" புகாரில் பல, கார்டு பெரிது என்பதால்தான். 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டுகளுக்கான எஸ்டிஎச்சி தரம் 2006இல் வந்தது. அதற்கு முந்தைய கேமராக்களுக்கு 2 ஜிபிக்கு உட்பட்ட சாதாரண எஸ்டி கார்டுதான் ஓடும், எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் மாறாது. எக்ஸ்டி (xD) என்ற பழைய வகைக் கார்டு கேட்கும் கேமராவை, கார்டோடு கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு போடும் கேமரா என்றால் உள்ளே விளக்கடித்து, 50 ஊசிகளும் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். ஏஏ பேட்டரி கேமரா நாலு படத்தில் அணைந்தால் ஆல்கலைனை எடுத்துவிட்டு நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு போடுங்கள். பல கேமராக்கள் அதோடு சரியாகிவிட்டன.

கருப்பு வெள்ளை டெவலப் வகுப்பில் குழாய்த்தண்ணீர்தான் சிக்கல். எச்பி5 ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரும் தண்ணீரும் 1+1 கலவையில் 20 டிகிரியில் 13 நிமிடம். நம் தண்ணீர் 28 டிகிரியைத் தொடும். ஐஸ் தொட்டியில் வைத்து 24க்கு இறக்கி, சுமார் 9 நிமிடம் என்று முடிவு செய்தோம். நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் படம் சீராக உருவாகாது. ரெம்ஜெட் (பின்பக்கக் கருப்புக் கரிப்பூச்சு) உள்ள சினிமா ஃபிலிமைச் சொல்லாமல் சாதாரண லேபில் கொடுத்துவிடாதீர்கள், மற்றவர்களின் ரோலும் கெடும்.

சிராங்கூன் சாலை தீபாவளி ஒளியூட்டு உலாவில் 400 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு எஃப்2 அபர்ச்சர், 1/30 அல்லது 1/60 விநாடி என்று தொடங்கச் சொன்னோம்.

வாங்குமிடம் பற்றி: பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடியபின், கையில் பிடித்துப் பார்த்து வாங்க சிட்டி ஹால் பக்கத்து பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கடைகள்தான் வசதி. இணையத்தில் ஜப்பானிலிருந்து "ஜங்க்" (பழுதானது) என்று வருவதைப் பாகங்களுக்காக மட்டும் எடுங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிகளுக்கும் பொருள் சேவை வரி பொருந்தும். இப்போது அது 9 விழுக்காடு, விலையோடு கூட்டிப் பாருங்கள். பயணத்தில் ஃபிலிமைச் சிடி ஸ்கேனரில் (பலமான எக்ஸ்ரே சோதனைக் கருவியில்) விடாமல் கையால் சோதிக்கக் கேளுங்கள். ஒத்துக்கொள்வது அதிகாரியின் விருப்பம்.

நடப்புச் செயலவையின் பதவிக்காலம் இக்கூட்டத்தோடு முடிகிறது. ஃபோம் தாளை மொத்தமாக வாங்கவும், மேசைக்கு இன்னோர் ஈரமானி வாங்கவும் அடுத்த செயலவை ஒப்புதல் தரவேண்டும். அடுத்த பழுதுபார்ப்புக்குக் கேமரா கொண்டுவருவோர் பேட்டரியைக் கழற்றித் தனிப்பையில் போட்டு, ஃபிலிம் உள்ளே இருக்கிறதா என்று உறையின்மேல் எழுதிக் கொண்டுவரவும்.

இங்ஙனம்,
செயலாளர்