அந்தப் படத்தைக் கையில் கொடுங்கள்

லண்டன் நேஷனல் கேலரியின் அறங்காவலர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் உள்ள ஒரு சின்னப் படத்தைப் பற்றி விண்ணப்பம் ஒன்று. இத்தாலிய ஓவியர் ரஃபேல் 1506, 1507 வாக்கில் வரைந்த 'மடோனா ஆஃப் த பிங்க்ஸ்'. (ரஃபேல் என்றதும் எங்கள் ஆட்களுக்கு இப்போதெல்லாம் போர் விமானம்தான் நினைவுக்கு வருகிறது. பிங்க்ஸ் என்பதும் நிறமல்ல, கார்னேஷன் இனத்துப் பூ.)

சுமார் 28 சென்டிமீட்டர் உயரம், 22 அகலம். ஒரு ஏ4 தாளைச் சற்றே குட்டையாக்கி, துளி அகலப்படுத்தினால் அந்த அளவு வந்துவிடும். அதற்குள் ஒரு படுக்கையறை, பச்சைத் திரை, ஜன்னலுக்கு வெளியே குன்றின் மேல் இடிந்த கோட்டை. நடுவே கன்னி மேரி. மடியில் வெள்ளைத் திண்டு, அதன்மேல் குழந்தை. அம்மா பூ நீட்டுகிறாள், பிள்ளை வாங்கிப் பார்க்கிறது. அவ்வளவுதான் காட்சி. ஆனால் சிலுவையடியில் மரியாள் விட்ட கண்ணீரிலிருந்து முளைத்த பூ இது என்று ஒரு கதை உண்டு. அது தெரிந்தபின் அவள் சிரிப்பைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. பிள்ளைக்கு விளையாடக் கொடுப்பதே பிள்ளையின் சாவுக்கான பூ.

இந்தச் சங்கடம் பத்தடி தள்ளி நின்றால் வராது. கையில் பிடித்து ஜெபிப்பதற்காகவே இதைச் செய்திருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லி வருகிறீர்கள். ஜெபப்புத்தகத்தைப் பிடிப்பதுபோல் பிடித்து, முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, வேண்டுமானால் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்க்கிற பொருள். சுவரில் ஏறியதும் அது ஓவியமாகிவிட்டது.

அசலைக் கொடுங்கள் என்று கேட்க எனக்குப் பைத்தியமில்லை. அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்துக்குப் போகவிருந்த படம். பிரிட்டனின் பாரம்பரிய லாட்டரி நிதியிலிருந்து வந்த 1.15 கோடி பவுண்டையும் சேர்த்து, 2004-இல் 2.2 கோடி பவுண்டுக்கு வாங்கிக் காப்பாற்றினீர்கள். ஓர் உள்ளங்கைச் சாமான் அந்த விலைக்குப் போனால் கண்ணாடிக்குள் வைக்காமல் என்ன செய்வது?

அதனால் ஒரு நகல் செய்யுங்கள். தாளில் அச்சடித்தது வேண்டாம். அதே தடிமனில் மரப்பலகை, அதே கனம், கையால் தீட்டிய வண்ணம். அசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் வையுங்கள். சிறுவர்களுக்கும் எட்டும்படி உயரம் இருக்கட்டும். தொடலாம் என்று பெரிதாக எழுதிப் போடுங்கள், இல்லாவிட்டால் யாருக்கும் தைரியம் வராது.

நகல் என்றால் உங்கள் நிபுணர்கள் முகம் சுளிப்பார்கள், சரி. ஆனால் இந்தப் படத்தின் கதையை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். நார்தம்பர்லேண்ட் பிரபுவின் ஆனிக் கோட்டையில் இதுவே நூறு வருஷத்துக்கு மேல் 'யாரோ போட்ட நகல்' என்ற பெயரோடுதானே கிடந்தது? 1991-இல் அப்போது உங்கள் கேலரியின் காப்பாட்சியராக இருந்த நிக்கோலஸ் பென்னி வந்து பார்த்தார். அப்புறம் அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது வண்ணத்துக்கு அடியில் ரஃபேல் போட்டுத் திருத்திய கோடுகள் தெரிந்தன. நகல் எடுப்பவனுக்கு யோசித்துத் திருத்த வேண்டிய அவசியம் இல்லை என்பதால் சந்தேகம் பெருமளவு தீர்ந்தது. இதைப் பார்த்து வரைந்த நகல்களும் ஏராளம். ஆக, இந்த வீட்டுக்கு நகல் ஒன்றும் அந்நியமில்லை. முடிந்தால் அந்த அடிக்கோடுகளைப் பலகையின் பின்பக்கத்தில் வரைந்து வையுங்கள். திருப்பிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு பரிசு.

கைபட்டுக் கைபட்டுப் பலகை சீக்கிரமே தேய்ந்துபோகும். வருஷத்துக்கு ஒன்று புதிதாகச் செய்ய வேண்டிவரலாம். பழையதை மட்டும் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். எந்த இடத்தில் வண்ணம் முதலில் போயிருக்கிறது, பூவிலா, பிள்ளையின் பாதத்திலா என்று பார்க்க எனக்கு ஆசை.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்