ஏப்ரனும் முன்றானையும்

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து, மறுபடி தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே தென்னாப்பிரிக்காவில், நம் டோங்காட்டு ஊரில் மூன்று நாளாக மழை.

பேத்தி கேட்ட கேள்வியை என் பக்கம் தள்ளிவிட்டாய்! கோயில் சமையலில் நாம் கட்டிக்கொள்ளும் ஏப்ரனுக்குத் தமிழ் என்ன? எனக்கும் உடனே வரவில்லை. 'மேலங்கி' என்று எழுதிப் பார்த்தேன், கோட்டு மாதிரி இருக்கிறது. சரி, ஏப்ரன் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம் என்று அகராதியை எடுத்தேன். பழைய பிரெஞ்சில் 'நாப்' என்றால் மேசைத்துணி. அதிலிருந்து வந்தது ஆங்கிலத்தின் 'நேப்ரன்'. 'எ நேப்ரன்' என்று வேகமாகச் சொல்லிச் சொல்லி, நேப்ரனின் முதல் எழுத்தான 'ன்' (n) முன்னால் இருந்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு 'அன் ஏப்ரன்' ஆகிவிட்டது. நாப்கின் மட்டும் தன் எழுத்தை விடாமல் வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே துணியில் கிழித்தவை.

அப்புறம் சோறு வடிக்கும்போதுதான் பட்டென்று நினைவு வந்தது: முந்தானை! எழுத்தில் முன்றானை. முன் + தானை. தானை என்றால் படை என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பழந்தமிழில் துணிக்கும் அதே பெயர். அங்கே 'ன்' நழுவி ஓடியது. இங்கே 'ன்' இடத்தைவிட்டு அசையாமல், பக்கத்தில் வந்த 'தா'வை 'றா'வாக மாற்றிவிட்டது.

என் ஆயாவை உனக்கு நினைவிருக்கும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகாமல் அடுப்படிக்குள் கால் வைக்க மாட்டார். அதைப் பிடித்துத்தான் சூடான சட்டியை இறக்குவார், அதிலேயே என் மூக்கைத் துடைப்பார், முனையில் முடிந்த சில்லறையை அவிழ்த்து மிட்டாய்க்குக் கொடுப்பார். மஞ்சளும் கரியும் ஏறி அந்த ஓரம் மட்டும் வேறு நிறமாக இருக்கும்.

போன மாதம் மகனோடு பிரிட்டோரியா போயிருந்தேன். அங்கே நிடெபெலே என்ற ஆப்பிரிக்க இனத்து அம்மா ஒருவர், முன்பக்கம் கட்டும் பழைய தோலாடை ஒன்றை என் கையில் கொடுத்தார். கெட்டித் தோலில் வெள்ளை மணிகளை நெருக்கி நெருக்கித் தைத்திருந்தது. கீழே விரித்த விரல்கள் போல ஐந்து மடல். கல்யாணமான பெண்ணுக்குரிய ஜோகோலோ அது. சின்னப் பிள்ளைக்குக் குஞ்சம் தொங்கும் லிகாபி, வயதுக்கு வந்தவளுக்குச் சதுரமான இசிபெபேட்டு. நாம் பேதை, பெதும்பை, மங்கை என்று வயதைப் பார்த்து ஆளுக்குப் பெயர் வைத்தோம். அவர்கள் அவள் கட்டுவதற்குப் பெயர் வைத்தார்கள். 1883இல் போயர்கள், அதாவது டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகள், அவர்களைத் தோற்கடித்து, நிலத்தைப் பறித்து, ஐந்து வருட வேலைக்குப் பண்ணை பண்ணையாகப் பிரித்துவிட்டார்கள். நம் ஆட்கள் 1860 முதல் இந்தியாவிலிருந்து இங்கே கரும்புத் தோட்டத்துக்கு வந்ததும் ஐந்து வருட ஒப்பந்தத்தில்தானே? அதை நினைத்ததும் அந்தத் தோலைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பேத்தியை முன்றானை என்றே எழுதச் சொல். அது சேலைத் தலைப்பு அல்லவா என்று டீச்சர் கேட்டால், நம் ஆயாக்களுக்கு ஏப்ரனும் அதுவேதான் என்று சொல்லட்டும்.

காவடிக்கு வருவாய் அல்லவா? எனக்கும் ஒரு ஏப்ரன் தைத்துக்கொண்டு வா. முனையில் சில்லறை முடியும் அளவுக்கு ஒரு பக்கம் நீளம் விடு.

உன்,
கமலா