பட்டர்நட் மசியல்: பாட்டிலில் அடைக்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தில் தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி நவிலல் விழா விருந்துக்கென்று வந்த பட்டர்நட் ஸ்குவாஷ் (பரங்கி இனக் காய்) மசியல் குறிப்பைப் பற்றி எழுதுகிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் தமிழ் வீடுகளில் பலர் அதைப் பார்த்துச் செய்வார்கள். ஆகவே அதன் கடைசி வரியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. மீந்த மசியலைக் கண்ணாடி பாட்டிலில் நிரப்பி, கொதிநீரில் அரைமணி நேரம் வைத்து மூடிவிட்டால் ஆறு மாதம் கெடாது என்று அச்சாகியிருக்கிறது. இது உயிருக்கே ஆபத்தான யோசனை. பரங்கி இனக் காய்களில் புளிப்பு மிகக் குறைவு. புளிப்பில்லாத, ஈரமான, காற்றுப் புகாத இடம்தான் பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு ஏற்றது. அதன் வித்துகள் 100 டிகிரி கொதிநீரில் அழிவதில்லை. பாட்டிலில் அடைத்த உணவை உயர் அழுத்த ஆவியில் சூடாக்கிப் பதப்படுத்தும் பிரஷர் கேனர் இருக்கிறதே என்றாலும் பயனில்லை. மசித்த காய் கெட்டியானது, சூடு பாட்டிலின் நடுப்பகுதிவரை சீராகப் போய்ச் சேருமென்று நம்ப முடியாது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் வீட்டுப் பதப்படுத்தல் கையேடு, துண்டுகளாக நறுக்கிய காயைப் பிரஷர் கேனரில் அடைக்க மட்டுமே வழி சொல்கிறது. மசிக்கவோ அரைக்கவோ கூடாது என்று அங்கேயே எச்சரிக்கவும் செய்கிறது. நஞ்சு கலந்திருந்தாலும் வாசனையிலோ ருசியிலோ தெரியாமல் போகலாம். தயவுசெய்து அடுத்த இதழிலேயே, அதே பக்கத்தில், கண்ணில் படும்படி திருத்தம் வெளியிடுங்கள்.

மீந்ததைப் பத்திரப்படுத்த ஃப்ரீசர் போதும். நன்றாக ஆறவிட்டு, ஒரு கப் அளவாக ஜிப் பையில் போட்டு, தட்டையாகப் பரப்பி உறையவைத்தால் பல மாதம் இருக்கும். உருகும்போது நீர் பிரியும். வாணலியில் நாலு நிமிடம் கிளறினால் பழைய பதத்துக்கு வந்துவிடும். ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

இனி மசியலுக்கு வருகிறேன். தோல் சீவி, நறுக்கி, ஒரு கப் தண்ணீர் விட்டு, குக்கரில் மூன்று விசில் என்கிறது உங்கள் குறிப்பு. இப்படிச் செய்தால் வருவது மசியல் அல்ல, தட்டில் ஓடும் கூழ். காயிலேயே முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை வெளியேற்றுவதுதான் இந்தச் சமையலின் வேலையே. வெளியிலிருந்து தண்ணீர் சேர்த்தால் காயின் இனிப்பும் நிறமும் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். பிறகு அதை ஈடுகட்டத்தான் குறிப்பில் கால் கப் பழுப்புச் சர்க்கரை கேட்கிறது. நல்ல காயை அவனில் (oven, சுடும் அடுப்பு) சுட்டால் சர்க்கரை தேவையே இல்லை.

நான்கு பேருக்கு 1.2 கிலோ காய் ஒன்று வேண்டும். சுட்டு மசித்தால் ஏறத்தாழ இரண்டரை கப் கிடைக்கும். கழுத்து நீளமாகவும் தடிப்பாகவும், அடிக்குடம் சிறிதாகவும் உள்ளதாகப் பாருங்கள். கழுத்தில் விதை கிடையாது, நார் குறைவு, சதை இறுக்கம். தோல் முழுக்கச் சந்தன நிறமாக, பளபளப்பில்லாமல் இருக்க வேண்டும். பச்சைக் கோடு தெரிந்தால் முற்றவில்லை. நகத்தால் அழுத்தினால் தோலில் இறங்கக் கூடாது. காம்பு காய்ந்து கட்டையாக ஒட்டியிருக்க வேண்டும்; காம்பு உதிர்ந்த காய் அந்தக் குழியிலிருந்துதான் அழுகத் தொடங்கும். வாங்கிய காயைப் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் குளிர் தாக்கிச் சதை கெடும். வெயில் படாத, ஈரமில்லாத அலமாரியில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். சில வாரம் இருக்க இருக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்பும் கூடும். விளைவது கோடையில்தான் என்றாலும், இப்படிக் குளிர்காலம் முழுக்க வைத்துச் சாப்பிடலாம் என்பதால்தான் இவை வின்டர் ஸ்குவாஷ்.

மற்ற வின்டர் ஸ்குவாஷ் வகைகளில், ஏக்கார்ன் ஸ்குவாஷில் நீரும் நாரும் அதிகம். அதைப் பாதியாக வெட்டிச் சுட்டு, கரண்டியால் சுரண்டிச் சாப்பிடுவதே நல்லது. கபோச்சா நேர்மாறு, மாவு மாவாக இருக்கும். அதற்குக் கொஞ்சம் கிரீமோ பாலோ கேட்கும். மிக்ஸியில் அரைத்தால் பசையாகிவிடும். ஸ்பகெட்டி ஸ்குவாஷ் நூல் நூலாகப் பிரிவது, மசியலுக்கு ஆகவே ஆகாது.

தோலைப் பச்சையாகச் சீவவும் வேண்டாம். சீவும்போது கசியும் பால் கையில் படலமாக இறுகிப் பலருக்குத் தோல் உரியும். சுட்ட பிறகு தோல் தானாகக் கழன்று வரும். வெட்டும்போதுதான் விரலுக்கு ஆபத்து. முதலில் காம்பையும் அடியையும் சீவித் தட்டையாக்குங்கள். கழுத்தும் குடமும் சேரும் இடத்தில் குறுக்கே வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தட்டையான பக்கத்தில் நிறுத்தி, நெடுக இரண்டாகப் பிளந்தால் கத்தி வழுக்காது. மிகக் கடினமாக இருந்தால் ஏழெட்டு இடத்தில் ஆழமாகக் குத்தி மைக்ரோவேவில் இரண்டு மூன்று நிமிடம் வைத்துப் பிறகு வெட்டலாம். குத்தாமல் வைத்தால் உள்ளே ஆவி அடைத்து வெடிக்கும்.

விதையை வழித்தெடுத்து, வெட்டிய முகத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் தடவி, பார்ச்மென்ட் தாள் விரித்த தட்டில் வெட்டு முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்குங்கள். அவன் 400 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 200 செல்சியஸ். நேரம் 45 முதல் 60 நிமிடம். கவிழ்த்து வைத்தால் காய் தன் ஆவியிலேயே வேகும், தட்டைத் தொடும் முகமோ சிவந்து கருப்பட்டி மணம் பிடிக்கும். கழுத்துதான் கடைசியில் வேகும். அங்கே கத்தியைக் குத்தினால் தடையின்றி இறங்க வேண்டும். அரைவேக்காட்டில் எடுத்தால் எவ்வளவு மசித்தாலும் கட்டி போகாது. வெந்ததும் உடனே நிமிர்த்திப் போட்டுப் பத்து நிமிடம் ஆவி போக விடுங்கள். இதைச் செய்யாமல் மூடி வைப்பவர்கள்தான் பிறகு மசியல் நீர்த்துவிட்டது என்கிறார்கள்.

சதையை வழித்து அடி கனமான அகல வாணலியில் போட்டு, மிதமான தீயில் ஐந்து முதல் எட்டு நிமிடம் மசித்தபடியே கிளறுங்கள். கரண்டியை இழுத்தால் வாணலியின் அடி தெரிந்து, அந்தக் கோடு உடனே மூடாமல் ஒரு கணம் நிற்க வேண்டும். அதுதான் பதம். அதற்குப் பிறகே 30 கிராம் வெண்ணெய், முக்கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் மிளகுத்தூள், துருவியில் இரண்டு இழுப்பு ஜாதிக்காய். ஜாதிக்காய் கூடினால் மருந்து வாசனை வந்துவிடும். வெண்ணெயைத் தனியாகக் காய்ச்சி, அடியில் பழுப்புத் துகள் படியும்வரை விட்டு, நாலைந்து சேஜ் என்னும் மணமூலிகை இலையைப் பொரித்து ஊற்றினால் இதைவிடச் சிறந்த பக்க உணவு அந்த விருந்தில் இருக்காது என்பது என் உறுதியான கருத்து. இறக்கிய பின் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. வேகும்போதே புளிப்புச் சேர்த்தால் காய் குழையாது. இனிப்பு போதாத காயாக அமைந்துவிட்டால் மட்டும் ஒரு டேபிள்ஸ்பூன் மேப்பிள் சிரப்.

ஏற்கெனவே நீர்த்துப் போயிருந்தால் மெல்லிய துணி விரித்த வடிதட்டில் அரைமணி நேரம் வையுங்கள். வடியும் மஞ்சள் நீரைக் கொட்டாதீர்கள், இனிப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. இரண்டு கரண்டியளவாகச் சுண்டக் காய்ச்சி மசியலிலேயே திரும்பச் சேருங்கள்.

விருந்தன்று அவனில் உள்ள இடத்தை வான்கோழி பிடித்துக்கொள்ளும். முந்தின நாளே மசித்து, வெண்ணெயும் சேர்த்து, ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். மறுநாள் அலுமினியத் தாள் மூடி 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 25 நிமிடம், பாதியில் ஒரு தடவை கிளறினால் போதும்.

பட்டர்நட்டும் நம் ஊர்ப் பரங்கிக்காயும் ஒரே தாவர இனம். அவன் இல்லாத தமிழ்நாட்டு வாசகர்கள் பரங்கிப் பத்தையில் இதைச் செய்யலாம். சதை ஆழ்ந்த ஆரஞ்சு நிறமாக உள்ள பத்தையை வாங்குங்கள், வெளிறியது சப்பென்றிருக்கும். தோலோடு இட்லித் தட்டில் 15 முதல் 20 நிமிடம் ஆவியில் வேகவைத்து, சதையை வழித்து, வாணலியில் பத்து, பன்னிரண்டு நிமிடம் வற்றக் கிளற வேண்டும். சுட்ட மணம் வராது. நெய்யும் மிளகும் சேர்த்தால் சப்பாத்திக்கு நன்றாக இருக்கும்.

குறிப்பில் சொல்லாமல் விட்ட இன்னொன்றையும் சேர்த்து அச்சிடுங்கள். சமைக்கும் முன் பச்சைத் துண்டு ஒன்றை நாக்கில் வைத்துப் பாருங்கள், முக்கியமாக வீட்டுத் தோட்டத்தில் விளைந்த காயாக இருந்தால். பக்கத்தில் அலங்காரச் சுரை வகைகள் பூத்து மகரந்தம் கலந்திருந்தால், எடுத்துவைத்த விதையிலிருந்து வரும் செடி கசப்புக் காய் காய்க்கலாம். அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள். வேகவைத்தாலும் போகாது, சர்க்கரை போட்டு மறைத்தாலும் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் வரும். கசந்தால் உடனே துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நியூ ஜெர்சி